கொளஞ்சி மேல் இரண்டாவது கேஸ்

மாயவன் போன் வைத்திருந்தது யாரிடமும் பேசுவதற்காக இல்லை. வருகிற போனை எடுப்பதற்காக மட்டும்தான். கழனியில் தண்ணீர் கட்டும்போது அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வார். குளிக்கும்போது மோட்டார் கொட்டகைச் சுவரின் மேல், கண்ணுக்கு எதிரில் வைப்பார். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம்கூட, "வேணாம்மா, வேற ஒரு போனு வரணும், வெச்சிடறேன்" என்று மரியாதையாகச் சொல்லித்தான் வைப்பார். அந்த வேறு போன் வருஷக்கணக்கில் வரவில்லை. அவரும் சளைக்கவில்லை.

வரவேண்டியது அவருடைய மகன் கொளஞ்சியிடமிருந்து.

இரண்டாயிரத்து நாலில் பெருமுக்கலில் ஒரு கபடிப் போட்டி நடந்தது. கோட்டைத் தொட்டானா இல்லையா என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை, பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனின் மண்டை உடைந்ததில் முடிந்தது. அடித்தவர்கள் ஏழெட்டுப் பேர். யார் கையில் இருந்த கட்டை பட்டது என்று அந்த மண்டைக்கே தெரியாது. ஆனாலும் புகாரில் முதல் பெயர் கொளஞ்சியுடையது. அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது.

மாயவன் அலறியடித்துக்கொண்டு விழுப்புரம் போய் வக்கீல் சீனுவாசனைப் பார்த்தார். சீனுவாசன் நல்ல மனுஷன், ஏமாற்றத் தெரியாதவர். வெற்றிலையை மடித்தபடியே, "ஒண்ணும் ஆவாது மாயவன். பையன் வூட்லயே இருக்கட்டும். திங்கக்கெழம முன்ஜாமீனுக்குப் போட்டுடலாம்" என்றார். மாயவன் அதை நம்பி வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார். திங்கட்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. அன்றைக்கு விடியும்போதே தெருமுனையில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கொளஞ்சி பின்பக்கம் எகிறிக் குதித்து, மல்லாட்டைக் கொல்லை வழியாக, வேர்க்கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடினான். பனியனும் லுங்கியுமாக ஓடியவனை அதற்குப் பிறகு ஊரில் யாரும் பார்க்கவில்லை.

வக்கீலை நம்பினால் இதுதான் கதி என்று மாயவன் தானே இறங்கினார். தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக்கொண்டு, மண்டை உடைந்த பையனின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். முதலில் தட்டைத் தள்ளிவிட்டார்கள். வாழைப்பழங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பினார். மறுபடியும் போனார், மறுபடியும் வசவு வாங்கினார். ஒருநாள் அந்தப் பையனின் அப்பன் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டான். அதோடு ராசி ஆயிற்று. கோர்ட்டில் சாட்சிகள் எல்லாரும் கூட்டத்தில் முகம் தெரியவில்லை என்று ஒரே மாதிரி சொன்னார்கள். கேஸ் தள்ளுபடி. எங்கள் பக்கத்தில் பாதி வழக்குகள் இப்படித்தான் முடியும். தீர்ப்பு வெற்றிலைத் தட்டில் ஆகிவிடும், கோர்ட் முத்திரை மட்டும் குத்தும்.

அன்றைக்கு மாயவன் ஒரு பாடம் படித்துக்கொண்டார். கேஸ் என்று பேச்சு கிளம்பினால் வக்கீல் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, எதிராளி எவனாக இருந்தாலும் உடனே போய் பணிந்துவிட வேண்டும். அவர் வாழ்க்கையில் படித்த பாடம் அந்த ஒன்றுதான். அதுதான் பிறகு அவரைக் குழியில் தள்ளியது.

கேஸ் முடிந்தது. ஆனால் முடிந்தது என்று கொளஞ்சிக்கு யார் சொல்வது? கோயம்பேட்டில் தேடினார்கள், திருப்பூரில் தேடினார்கள், பெங்களூர் வரைக்கும் ஆள் போய் வந்தது. அவன் அம்மா சின்னபொண்ணு தன் பங்குக்கு விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கோயிலில், பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லிச் சாமிக்கே பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தாள். அந்தச் சாமியிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் சாமியின் பெயரையே வைத்திருந்தார்கள்.

வழி கண்டுபிடித்தது அக்கா அம்சாதான். திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற வேலை அவளுக்கு. தம்பி ஊரில் இருந்தபோது பிரவுசிங் சென்டருக்குப் போனால் முதல் காரியமாகத் தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, டாட் காம் சேர்த்துத் தட்டிப் பார்ப்பான். ஒன்றும் வராது. "ஒரு நாளைக்கு வரும் பாருக்கா" என்பான். அது அவளுக்கு நினைவில் இருந்தது. எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் புத்தி அவனை விட்டுப் போயிருக்காது, என்றாவது ஒருநாள் தட்டிப் பார்ப்பான் என்று அந்தப் பெயரிலேயே ஒரு வெப்சைட் போட்டாள்.

திறந்ததும் வீட்டின் போட்டோ வரும். அதன் கீழே பெரிய எழுத்தில், "கொளஞ்சி, கேஸ் முடிந்துவிட்டது. தள்ளுபடி ஆகிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டுக்கு வா" என்று இருக்கும். அவன் சந்தேகப் பிராணி, வெறும் வார்த்தையை நம்பமாட்டான் என்று கோர்ட் தீர்ப்பின் நகலையும் ஸ்கேன் செய்து போட்டிருந்தாள். கடைசியில் மாயவனின் போன் நம்பர். வெப்சைட்டுக்கென்று ஒரு மெயில் விலாசம் வேண்டும், அதற்கொரு போன் நம்பர் வேண்டும் என்று கேட்டபோதும் அப்பா நம்பரையே கொடுத்தாள். அந்த வீட்டில் எது மாறினாலும் அந்த நம்பர் மாறாது.

மாசா மாசம் அதில் சேதி எழுதுவார்கள். மாயவன் சொல்லச் சொல்ல அம்சா தட்டுவாள். பசு கிடாரிக் கன்று போட்டது. புது போரில் தண்ணீர் வந்தது. இந்த வருஷம் மல்லாட்டை காய்ப்பு பரவாயில்லை. அம்சாவுக்குத் திண்டிவனத்திலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் ஓடும். அது ஒன்று கூடியிருந்தாலும் மாயவனின் முகம் மலர்ந்துவிடும். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கோயில் நடை எப்போது திறக்கும் என்று தேடி வழிதவறி வந்தவர்கள். அம்சா அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

இப்படியே ஐந்தாறு வருஷம் போனது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், ஆவணி மாதம், அந்த மெயிலுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

மேலே சிங்க முத்திரை. கீழே ஒரு வக்கீலின் பெயர், அதற்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி பட்டங்கள். நடுவில் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். 'கொளஞ்சி' என்பது தங்கள் கட்சிக்காரர் தயாரிக்கும் சமையல் எண்ணெய்க்குப் பதிவு செய்யப்பட்ட டிரேட் மார்க்காம். அதை அனுமதி இல்லாமல் வெப்சைட்டுக்கு வைத்தது குற்றமாம். உடனே அந்தப் பெயரைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும், தவறினால் லட்சக்கணக்கில் நஷ்டஈடும் கிரிமினல் வழக்கும் தொடரப்படும் என்று இருந்தது. அம்சா அதைப் பிரிண்ட் எடுத்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினாள்.

சீனுவாசனுக்கு இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. வெற்றிலை மட்டும் மாறவில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"யாரும்மா இது? மேல ஒரு கம்பெனி பேர் இருக்கு, கீழ வேற பேர் இருக்கு. எவனோ அவசரத்துல மாத்தாம உட்டுட்டான். பதிவு நம்பர்னு ஒண்ணு போடணும், அதக் காணோம். வக்கீல் நோட்டீஸ்னா ரிஜிஸ்டர் தபால்ல வரும், கையெழுத்து வாங்கிக்கினு குடுப்பான். இது ஓசி மெயில்ல வந்திருக்கு."

"அப்ப டூப்ளிகேட்டுங்களா சார்?" என்றாள் அம்சா.

"சந்தேகமே வேணாம். பேரப் புடுங்கி எவனுக்காவது விக்கலாம்னு பாக்கறான். அப்படியே நெசமா இருந்தாலும் சாமி பேரு அது. விருத்தாசலம் பக்கம் வூட்டுக்கு ஒரு கொளஞ்சி இருக்கான். அத்தன பேரு மேலயுமா கேஸ் போடுவான்? பதிலே போடாத. கிழிச்சிப் போட்டுட்டு வேலையப் பாரு." பிறகு மாயவன் பக்கம் திரும்பி, ஆறுதலாகத் தோளைத் தட்டினார். "ஒண்ணும் ஆவாது மாயவன்."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் மாயவன் எழுந்துவிட்டார். இதே அறையில், இதே வாயால், இதே வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போய்த்தான் அவர் பிள்ளையைத் தொலைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "அந்த ஆளுக்கே ஒரு போன் பண்ணி, தெரியாம வெச்சிட்டோம்னு சொல்லிட்டா இன்னாமா?" என்று கேட்டார்.

"சும்மா இருப்பா. பதில் பேசுனாலே புடிச்சிக்குவானுங்க. அந்தப் பேரு போச்சின்னா தம்பிக்கு நம்ம வூட்டு வழியே போச்சி. அது ஒண்ணுதான் அவனுக்குத் தெரிஞ்ச எடம்."

மாயவன் தலையாட்டினார். தலைதான் ஆடியது.

அடுத்த வாரம் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"மாயவன் சாருங்களா?"

அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்தக் குரல் பவ்யமாக, நிதானமாகப் பேசியது. தாங்கள் அனுப்பிய நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை, நாளைக்குக் காலையில் கேஸ் நம்பர் ஆகிவிடும், கொளஞ்சி பெயரில்தான் வெப்சைட் இருப்பதால் கொளஞ்சிதான் முதல் எதிரி என்றது.

"ஐயா, அவன் வூட்லயே இல்லீங்க. அவன் போயி வருஷக்கணக்காவுது."

"தெரியும் சார். அவர் மேல ஏற்கெனவே ஒரு அடிதடி கேஸ் இருந்திருக்கே. பேப்பரைப் பார்த்தோம். ரெண்டாவது கேஸுன்னா வாரண்டுதான் சார். ஜாமீன்கூடக் கெடைக்காது."

எந்தப் பேப்பரை எங்கே பார்த்தான் என்று மாயவனுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. பிள்ளை நம்ப வேண்டும் என்று அவர்களே ஊரறியப் போட்டுவைத்த தீர்ப்பு நகல்தான் அது. கொடுவாளைத் தீட்டி நடுக்கூடத்தில் வைத்துவிட்டுக் கதவையும் திறந்துவைத்திருந்தார்கள். அவர் நினைப்பெல்லாம் தெருமுனையில் நின்ற ஜீப்பின் மேல்தான் இருந்தது. ஒரு கேஸுக்குப் பயந்து ஓடியவன் தலையில் நாமே இன்னொரு கேஸை ஏற்றிவிட்டோமே என்று பதறினார்.

"எந்த ஊருங்க நீங்க? நான் தட்டு வெச்சிக்கினு வந்துடறேன். பெரியவங்க யாருன்னு சொல்லுங்க, கால்ல உயுந்துடறேன். ராசியாப் போயிடலாங்க."

தட்டு என்றால் என்னவென்று எதிர்ப்பக்கம் இருந்தவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் வந்த மீன் தானே கரையேறுகிறது என்பது புரிந்திருக்கும்.

"நீங்க வரவே வேணாம் சார். பெரியவங்களை அலைய வைக்கமாட்டோம். உங்க போனுக்கு இப்ப ஒரு மெசேஜ் வரும். அதுல இருக்கற நம்பரைப் படிச்சிச் சொன்னீங்கன்னா போதும், ராசி ஆயிடுச்சின்னு அர்த்தம். உங்க பையன் பேரையே எடுத்துடறோம்."

மெசேஜ் வந்தது. ஆங்கிலத்தில் வளவளவென்று ஏதோ இருந்தது. எண்கள் மாயவனுக்குப் படிக்கத் தெரியும். வரப்பில் உட்கார்ந்து, போனைத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

"ரொம்ப நன்றிங்க சார்" என்றது குரல்.

"நாங்கதாங்க நன்றி சொல்லணும்" என்றார் மாயவன். அன்றைக்கு மத்தியானம் இரண்டு சொம்பு கேப்பைக் கூழ் குடித்தார். சின்னபொண்ணுவிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை. பெரிய கண்டத்தைத் தனியாளாகத் தாண்டிவிட்டதாக அவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது.

மறுநாள் அம்சா சேதி போடுவதற்காக உட்கார்ந்தாள். மெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்டு தப்பு என்றது. வெப்சைட்டைத் திறந்தாள். வீட்டின் போட்டோ இல்லை, சேதிகள் இல்லை, எண் இல்லை. வெள்ளைப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில் நாலு வரி மட்டும் இருந்தது.

சட்டமீறல் காரணமாக இந்த வெப்சைட் முடக்கப்பட்டது. கொளஞ்சி என்பவர் மீது கிரிமினல் வழக்கு பதிவு செய்யப்பட்டுள்ளது. சம்பந்தப்பட்ட எல்லார் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும்.

அவள் வீட்டுக்கு வந்து கேட்டபோது மாயவன் உள்ளதைச் சொல்லிவிட்டார். அம்சா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தாள். அதைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு, சமையல்கட்டுக்குள் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாயவன் வாசலிலேயே நின்றார். மகள் திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அதன்பிறகு செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள். பெயரை விற்ற வெளிநாட்டுக் கம்பெனிக்கு அம்சா எழுதினாள். உரிமையாளரின் போனுக்கு வந்த எண்ணைக் கொடுத்துத்தான் மாற்றப்பட்டிருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று பணிவாகப் பதில் வந்தது. போலீசில் எழுதிக்கொடுத்தார்கள். அங்கே இருந்தவர் என்ன திருடு போனது என்று கேட்டார். பேருங்க என்றார் மாயவன். அவர் பேனாவை மூடிவிட்டு மாயவனை ஏற இறங்கப் பார்த்தார். நோட்டீஸில் இருந்த வக்கீலின் போன் அணைந்தே கிடந்தது. விலாசத்தைத் தேடிப் போனால் சென்னையில் அந்தக் கதவு நம்பரில் ஒரு பால் பூத் இருந்தது.

சீனுவாசன்தான் விளக்கினார். "அந்த எழுத்த எடுக்கமாட்டான்மா. அடுத்தவன மெரட்டும்போது, பாரு, கேக்காதவன் கதி இன்னா ஆச்சின்னு காட்டறதுக்கு அவனுக்கு அது வேணும்." இந்தத் தடவை அவர் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை.

அம்சா வேறொரு பெயரில் புதிதாக ஒரு வெப்சைட் போட்டாள். அதே போட்டோ, அதே சேதி. முதல் வரியில், பழைய பக்கத்தில் இருப்பது பொய் என்று எழுதினாள். ஆனால் அப்படி ஒன்று இருப்பது கொளஞ்சிக்கு எப்படித் தெரியும்? பார்த்தவர் எண்ணிக்கை அவள் ஒருத்தி பார்த்ததோடு நின்றது. மாயவன் அதைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டார். போனை மட்டும் விடவில்லை.

அடுத்த வருஷம் பங்குனியில், வெயில் ஏறுகிற நேரத்தில், ராம்கி வந்தான். கொளஞ்சியோடு ஒன்றாகப் படித்தவன், இப்போது லாரி டிரைவர். மரக்காணம் பக்கத்திலிருந்து தர்பூசணி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் வரைக்கும் போகிறவன். கையில் ஒரு பழத்தோடு கழனிக்கே வந்து, வரப்பில் மாயவன் பக்கத்தில் குந்தினான். வந்ததிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாமா, கொளஞ்சி மேல புதுசா இன்னா கேஸு?"

மாயவன் கையிலிருந்த களைக்கொத்து அப்படியே நின்றது.

"ஏன்டா கேக்கற?"

"அவனப் பாத்தேன் மாமா. சோலாப்பூர் தாண்டி டயர் வெடிச்சிடுச்சி. பஞ்சர் கடையில குனிஞ்சி வேலை பாத்துக்கினு இருந்தான். மொதல்ல எனக்கு அடையாளமே தெரியல, தாடியும் அதுவுமா. அவன்தான் ராம்கின்னு கூப்டான். கட்டிப் புடிச்சிக்கினு ஒரே அழுவை."

மாயவன் களைக்கொத்தைக் கீழே போட்டார். ராம்கியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உயிரோடு இருக்கிறான் என்ற சேதி உள்ளே இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"எல்லாம் தெரிஞ்சி வெச்சிக்கினு இருக்கான் மாமா. பசு கன்னு போட்டது, போரு போட்டது, அம்சாவுக்குக் கல்யாணம் ஆனது, அல்லாமே. கம்ப்யூட்டர்ல பாத்துக்கினே இருந்தானாம். மொதல்ல போலீசு வெச்ச பொறின்னு நெனச்சிக்கினானாம். வருஷா வருஷம் பாக்கப் பாக்க, நம்ம வூட்டு ஆளுங்கதான் எழுதறாங்கன்னு நம்பிட்டான். போன தையில பொங்கலுக்கு வந்துடலாம்னு பையெல்லாம் கட்டிட்டானாம். நடுவுல நாலஞ்சி மாசம் பாக்காம இருந்துட்டு, ரயிலு ஏர்றதுக்கு மின்ன உன் போன் நம்பர எழுதிக்கலாம்னு தொறந்திருக்கான்."

ராம்கி நிறுத்தினான். தர்பூசணியைக் கையில் உருட்டிக்கொண்டே மேலே சொன்னான்.

"கேஸ் போட்டிருக்குன்னு இருந்துதாம். அவன் பேரப் போட்டே இருந்துதாம். என்னப் பாத்தத யாராண்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டான் மாமா. நானும் நெசமாவே கேஸுன்னு நெனச்சி, போன்லகூட உனக்குச் சொல்லல. மனசு கேக்காம திரும்பி வரும்போது கடையாண்ட நிறுத்துனேன். ஆளில்ல. என்னப் பாத்த மறுநாளே கணக்க முடிச்சிக்கினு கெளம்பிட்டானாம். எந்தப் பக்கம் போனான்னு கடைக்காரனுக்கும் தெரியல."

"கேஸு இல்லடா" என்றார் மாயவன்.

"இன்னாது?"

"ஒரு கேஸும் இல்லடா ராம்கி. எவனோ எழுதி வெச்சிருக்கான்."

ராம்கியின் முகம் தெளிந்தது. நம்பிக்கையோடு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப இன்னா மாமா, அம்சாவாண்ட சொல்லி ஜல்தியா அத எட்த்துட்டு, கேஸு இல்லன்னு எழுதிப் போடச் சொல்லு. அவன் பாத்துடுவான் மாமா. அவனே சொன்னான், கேஸு முடிஞ்சிடுச்சான்னு இப்பகூட வாரா வாரம் அதத்தான் தொறந்து தொறந்து பாத்துக்கினு இருக்கான்."